இரண்டாவது அட்டைக்கு நியமனக் கடிதம்

ஊவா மின்விளையாட்டு மேம்பாட்டுச் சபைக்குப் பதுளையில் இரண்டு மாடிக் கட்டடமும், நாற்பத்தொரு உத்தியோகத்தர்களும், எட்டடித் திரை ஒன்றும் இருந்தன. மின்விளையாட்டு மட்டும் இல்லை. சபை தொடங்கிய மூன்று வருடத்தில் அங்கே யாரும் எதையும் விளையாடியதில்லை. அதை ஒரு குறையென்று சொல்லவும் முடியாது. யாரும் விளையாடாததால்தான் மூன்று வருடமும் ஒரு விபத்தும் நேரவில்லை என்று ஆண்டறிக்கையிலேயே அச்சடித்திருந்தார்கள்.

திரை வந்திறங்கிய நாளில் சுற்றியிருந்த பொலித்தீனோடேயே கூட்ட மண்டபத்துச் சுவரில் மாட்டப்பட்டது. ஃபோர்கே திரை. சாதாரணத் திரையில் ஒரு புள்ளி இருக்கும் இடத்தில் இதில் நான்கு புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் ஒன்றுகூட இதுவரை எரிந்ததில்லை. பொலித்தீனைத் துடைக்க மட்டும் வாரத்துக்கு ஒருமுறை ஆள் வருவார்.

இப்படி இருக்கையில் கொழும்பிலிருந்து, 'ஏதாவது போட்டி நடத்தியிருக்கிறீர்களா?' என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. சபை பதினான்கு கூட்டம் போட்டு ஆராய்ந்து, கார் ஓட்டும் கணினி விளையாட்டுப் போட்டி ஒன்றை அறிவித்தது. வெல்பவர் மாகாணத்தின் சார்பில் கொழும்புக்குப் போகலாம். போட்டியாளர் தன் கணினியைத் தானே கொண்டுவர வேண்டும். திரையின் கௌரவம் கருதி, அதன் முழுத் தெளிவில் படம் காட்டக்கூடிய கணினிகள் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும்.

இந்த அறிவித்தலை பசார் வீதியிலிருந்த றில்வானின் கடையில் வைத்து துஷாந்தி மூன்று தரம் வாசித்தாள். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராதான் அவள் வீடு. இருபத்தாறு வயது. தினமும் காலை பஸ்ஸில் பதுளைக்கு வந்து, றில்வானின் கடையில் போன்களையும் கணினிகளையும் திருத்துவாள். வேலையில்லாத நேரங்களில் கடையின் பின்னறையில் தனக்கென்று ஒரு கணினியைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பூட்டி முடிக்க ஒன்றரை வருடம் எடுத்தது.

அதற்குள் இரண்டு கிராபிக்ஸ் அட்டைகள் இருந்தன. கொழும்பில் ஒரு கடையை மூடியபோது பழுதென்று கழித்துப் போட்டவை. ஒன்றின் காற்றாடி சுற்றாது, மற்றதில் திரைக்கு வயர் செருகும் வாய் உடைந்திருந்தது. இரண்டையும் திருத்தி, பாலம் போட்டு இணைத்தாள். ஒன்று ஒரு படத்தை வரைந்து முடிப்பதற்குள் மற்றது அடுத்த படத்தைத் தொடங்கிவிடும்.

"ரெண்டு பேரு மாறி மாறி ரொட்டி போடுற மாதிரி," என்றார் றில்வான். அவருக்கு அது உடனே விளங்கிவிட்டது.

அதுவும் போதாமல், அட்டைகளைச் செய்தவர்கள் குறித்துவிட்ட வேகத்துக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். ஓவர்குளொக் என்பார்கள். ஏற்ற ஏற்றச் சூடானது. பழைய மோட்டார் சைக்கிளின் ரேடியேட்டரையும் மீன்தொட்டி மோட்டார் ஒன்றையும் வைத்து, குழாயில் தண்ணீர் ஓடவிட்டுச் சூட்டை இறக்கினாள்.

இவ்வளவும் செய்தவளிடம் இருந்த திரை, மூலை வெடித்த பத்தொன்பது அங்குலத் திரை. அதில் பார்த்தால் விளையாட்டில் வரும் மலைகள் எல்லாம் கரைத்து ஊற்றிய பச்சைச் சாயமாகத் தெரியும். தன் கணினி எவ்வளவு அழகாக வரைகிறது என்பதை அதைச் செய்தவளே பார்த்ததில்லை.

"நானா, நான் போறேன்," என்றாள். றில்வானை அவள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"போ புள்ள. நீ போகாம வேற யாரு போறது?" என்றார் றில்வான்.

விண்ணப்பத்தோடு சபைக்குப் போனவளைப் பணிப்பாளரே நேரில் அழைத்தார். பணிப்பாளர் பாலசுப்பிரமணியம் மேடையில் பேசுவதைப் போலவே அறையிலும் பேசுவார். வீட்டில் எப்படிப் பேசுவார் என்று யாருக்கும் தெரியாது.

"கிராபிக்ஸ் அட்டை இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள் மகள். விண்ணப்பத்தில் கட்டம் ஒன்றுதானே இருக்கிறது?"

"அந்தப் பெரிய திரைக்கு ஒண்ணு பத்தாதுங்க சேர். ரெண்டும் சேந்துதான் படத்த வரையும்."

"ஒரே வேலைக்கு இரண்டு பேர் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. இந்த மாடியிலேயே பதினொரு வேலைக்கு இருபத்து மூன்று பேர் இருக்கிறோம். ஆனால் இரண்டுமே வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை."

"ஒண்ணு வரையிறப்ப மத்தது அடுத்தத வரையுங்க."

"அப்படியானால் மேற்பார்வை யார்?"

"அப்புடி யாரும் இல்லைங்க. ரெண்டும் சமம்."

பணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சமம் என்று ஒரு பதவி நிர்வாகத்தில் கிடையாது மகள். இரண்டாவது அட்டைக்கு ஒரு நியமனக் கடிதம் கொண்டு வாருங்கள். பிறந்த திகதியும் வேண்டும்."

துஷாந்தி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் ஒன்றும் உதவவில்லை.

அன்று பின்னேரம் கடையில் வைத்துக் கடிதம் எழுதினாள். 'உதவி அட்டை, தரம் மூன்று, தகுதிகாண் காலம் மூன்று வருடம்' என்று றில்வான் சொல்லச் சொல்ல எழுதிக் கையொப்பமிட்டாள். பிறந்த திகதிக்கு, அட்டையின் முதுகில் ஒட்டியிருந்த உற்பத்தித் திகதியைப் போட்டாள். அங்கேதான் பிழை நேர்ந்தது.

"ஒம்பது வயசா?" என்று சபையின் நலன்புரி உத்தியோகத்தர் முஷ்ரிபா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார். "ஒம்பது வயசுப் புள்ளய வேலைக்கு வெச்சிரிக்கீங்களா?"

"அது அட்டைங்க மிஸ். கம்பியூட்டருக்கு ஒம்பது வயசுன்னா கெழடு."

"கெழடா? அப்ப ஓய்வு பெற்ற ஆளையா நியமிச்சீங்க?"

பழைய கடிதம் கிழிக்கப்பட்டு, ஓய்வுபெற்றவரை ஒப்பந்த அடிப்படையில் மீள நியமிக்கும் கடிதம் எழுதப்பட்டது. ஓய்வுபெற்றவர் பூரண சுயவிருப்பத்தோடு வருகிறார் என்று ஒரு சத்தியக் கடதாசியும் இணைக்கப்பட்டது. அவர் சார்பில் துஷாந்தியே சத்தியம் செய்தாள்.

முஷ்ரிபா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "இது என்ன, ஓவர்குளொக்? மணிக்கூட்டுக்கு மேல... ஓவர்டைமா?"

"நேரம் இல்லைங்க மிஸ், வேகம். அதுக்குன்னு போட்டிருக்கிற வேகத்துக்கு மேல ஓடும்."

முஷ்ரிபா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் தணிந்தது. "இத வெளியில சத்தமாச் சொல்லாதீங்க. போட்டிருக்கிற வேகத்துக்கு மேல ஒன்று வேலை செய்யலாம் என்று தெரிஞ்சா, நாளைக்கு எங்களயும் கேப்பாங்க. இந்த ஒஃபிஸில நாங்க இதுவரைக்கும் போட்டிருக்கிற வேகத்தத் தொட்டதும் இல்ல."

கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. போட்டி நாளில் இயந்திரத்துக்குக் காலை பத்து மணிக்குப் பதினைந்து நிமிடத் தேநீர் இடைவேளை. அந்த நேரத்தில் அதை அணைத்து வைக்க வேண்டும்.

கொழுந்து பறித்துவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா இராக்கம்மாவிடம் அன்று சாயங்காலம் இதைச் சொன்னாள். அம்மா செம்பைக் கீழே வைத்தார். "கொழுந்து ரெண்டு கிலோ கொறஞ்சா எங்களுக்கு அரைப்பேரு, பாதிச் சம்பளந்தான். ஒன் பெட்டிக்கு டீ குடிக்க நேரமா? அந்த மிஸ்ஸ ஒரு தடவ நம்ம மலைக்குக் கூட்டியாடி."

மூன்றாம் நாள், சபையின் சுகாதார உத்தியோகத்தர் இன்பாஸ் கடைக்கே பரிசோதனைக்கு வந்தார். கையில் ஒரு டோர்ச்சும் ஒரு பொலித்தீன் பையும் இருந்தன. கணினியின் திரையில் தெரிந்த சூட்டை முதலில் எழுதிக்கொண்டார்.

"எழுபத்தெட்டு பாகை. எத்தனை நாளாகக் காய்ச்சல்?"

"அதுக்கு அது சாதாரணங்க சேர்."

"எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்." டோர்ச்சை அடித்துக் குழாயைப் பார்த்தவர் திடுக்கிட்டார். "தண்ணீர்! உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது. டெங்கு நுளம்புக்கு இது மாளிகை."

"தேங்கலைங்க, ஓடிக்கிட்டே இருக்கு. மூடின குழாய் சேர், கொசு எப்புடி உள்ள போகும்?"

"நுளம்பு எப்படிப் போகும் என்பது நுளம்புக்குத் தெரியும். இது என்ன மோட்டார்?"

"மீன்தொட்டி மோட்டாருங்க."

இன்பாஸின் குரல் கடுமையானது. "மீன்தொட்டி மோட்டார் இருக்கிறது. மீன் எங்கே?"

போன் திருத்த வந்து காத்திருந்தவர்களும் மீன் எங்கே என்று துஷாந்தியைப் பார்த்தார்கள்.

பொலித்தீன் பைக்குள் இருந்தவை இரண்டு கப்பி மீன்கள். நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் என்பதால் அவற்றைக் குழாய்க்குள் விடவேண்டும் என்பது சபையின் சுகாதார ஒழுங்கு. மீன் வெந்துபோகும் என்று துஷாந்தி மன்றாடினாள். நீண்ட யோசனைக்குப் பிறகு, மீன்கள் கணினிக்குப் பக்கத்தில் ஜாம் போத்தலில் இருந்து மேற்பார்வை செய்தால் போதும் என்று இன்பாஸ் இணங்கி வந்தார். மீன்களைப் பொறுப்பெடுத்ததற்கு மூன்று பிரதிகளில் கையொப்பம் வாங்கிக்கொண்டார்.

அவர் போனதும் துஷாந்தி ஸ்குரூ டிரைவரை மேசையில் எறிந்தாள்.

"விட்டுரு புள்ள," என்றார் றில்வான். "இவனுகளோட மல்லுக்கட்ட ஏலாது. நம்ம கடையில விளையாடு."

"அந்தத் திரையில ஒரே ஒரு தடவ பாத்துர்றேன் நானா. அப்பறம் விட்டுர்றேன்." அவள் கண் கலங்கியிருந்தது. றில்வான் மீனுக்குப் பாண் துண்டொன்றைக் கிள்ளிப் போட்டார்.

போட்டிக்கு முதல்நாள் அவளுடைய கோப்பு நூற்று அறுபத்து மூன்று பக்கமாகியிருந்தது.

அடுத்த நாள் காலை, றில்வானும் அவளும் கணினியை ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்ந்தபோது, சபையின் வாசலில் பதினெட்டுப் பேர் தங்கள் கணினிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரையும் உள்ளே விடவில்லை. மொனராகலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த ஜனகன் என்பவன் தன் விண்ணப்பத்தை அவளிடம் நீட்டினான்.

"ரெண்டாவது அட்டைக்கு நியமனக் கடிதம் இல்லன்னு நிப்பாட்டிட்டாங்க. எங்கிட்ட இருக்கிறது ஒரே அட்டைங்க, புதுசு. அது ஒண்ணே போதும். இல்லாத அட்டைக்கு எப்புடிங்க கடிதம் குடுக்கிறது? போன வாரந்தான் இந்த விதியப் போட்டாங்களாம். யாரோ ஒருத்தங்க கொண்டாந்து குடுத்தாங்களாம், ரொம்ப நல்லா இருந்துச்சாம்."

துஷாந்திக்கு முகம் சுருங்கியது. அந்த யாரோ தான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முஷ்ரிபா வந்து, கோப்போடு சேர்த்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். நாற்பத்தொரு பேரும் ஆளுக்கொரு திரி. பிறகு கணினியை மேசையில் வைத்து அவள் இயக்கினாள். இரண்டு அட்டைகளும் முனகி எழுந்தன. மணி சரியாகப் பத்து. முஷ்ரிபா வந்து ஆளியை அணைத்துவிட்டு, மேசையில் ஒரு பிளேன் டீயும் கொண்டுவந்து வைத்தார். டீ யாருக்கென்று அவர் சொல்லவில்லை. துஷாந்தி குடித்துவிட்டாள்.

பத்தே காலுக்குப் பணிப்பாளர் பேச எழும்பினார்.

"இன்று உலகம் மிக வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்துக்கு நமது சபை இன்னும் அனுமதி வழங்கவில்லை. மூன்று வருடத்தில் நூற்று இருபத்தாறு கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். அவற்றில் நூற்று இருபத்தைந்து, முந்திய கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பதற்காக. முதலாவது கூட்டத்தில் என்ன பேசினோம் என்பது மட்டும் கிடைக்கவில்லை, தேடுகிறோம். எங்கள் மீது குற்றம் சொல்பவர்கள் இந்தத் திரையைப் பார்க்கட்டும். எண்பத்து மூன்று இலட்சம் புள்ளிகள். மூன்று வருடத்தில் ஒரு புள்ளியைக்கூட நாம் தேயவிடவில்லை. பயன்படுத்தியிருந்தால் இது சாத்தியமா?"

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. அவருக்குப் பிறகு பிரதிப் பணிப்பாளர், பதில் பிரதிப் பணிப்பாளர், பதில் பிரதிப் பணிப்பாளர் லீவில் இருந்தால் பதில் சொல்பவர் என்று வரிசையாகப் பேசினார்கள். மணி பன்னிரண்டாவதற்கு ஐந்து நிமிடம் இருந்தது. பணிப்பாளர் மறுபடி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பத்தொன்பது விண்ணப்பங்களில் பூரணமான கோப்பு ஒன்றே ஒன்று. ஆகவே செல்வி துஷாந்தி முதலாமிடம் பெறுகிறார். போட்டி இத்துடன் இனிதே நிறைவடைகிறது. பகல் சாப்பாடு மேல்மாடியில்."

துஷாந்தி எழுந்து நின்றாள். "சேர், நான் இன்னும் விளையாடவே இல்லைங்களே."

"நீங்கள்தான் வென்றுவிட்டீர்களே மகள். வென்ற பிறகு விளையாடினால், தோற்றுவிடும் அபாயம் இருக்கிறதல்லவா?" என்று பரிவோடு சொல்லிவிட்டு அவர் படியேறினார். நாற்பது பேரும் பின்னால் போனார்கள்.

வெறும் மண்டபத்தில், யாரோ கையில் திணித்துவிட்டுப் போன வெற்றிக் கேடயத்தோடு அவள் நின்றாள். பிறகு அதை நாற்காலியில் வைத்துவிட்டு, நேரே திரைக்குப் போனாள். பொலித்தீனின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. மூன்று வருடப் பொலித்தீன் சடசடவென்று உரிந்து விழுந்தது.

"நானா, வெளிய நிக்கிறவங்கள வரச் சொல்லுங்க."

"எல்லாரயுமா?"

"எல்லாரயும்."

கணினியை மறுபடி இயக்கி வயரைச் செருகினாள். திரை ஒருமுறை கறுத்தது. பிறகு மலை வந்தது.

அது சாயமாக இல்லை. பாறையில் பாசி தெரிந்தது. வளைவுக்குக் கீழே பள்ளத்தில் மூடுபனி இழை இழையாகப் பிரிந்து மேலே வந்தது. வீதியோரத்துப் புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது. பதினெட்டுப் பேரும் நிறுத்திவைத்த மாதிரி வாசலிலேயே நின்றுவிட்டார்கள். துஷாந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். 'இதையா நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு நாளா வரைஞ்சிக்கிட்டு இருந்தீங்க' என்று அட்டைகளிடம் மனதுக்குள் கேட்டாள்.

ஆளுக்கொரு சுற்று, யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்களோ அவர்தான் வென்றவர் என்று பேசிக்கொண்டார்கள். யாரும் எதிலும் கையொப்பமிடவில்லை. சத்தம் கேட்டு மேல்மாடியிலிருந்து முதலில் முஷ்ரிபா இறங்கி வந்தார், கையில் சோற்றுப் பார்சலோடு. பிறகு இன்பாஸ். பிறகு மற்றவர்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அனுமதி யார் கொடுத்தது என்று தெரியாததால், நிறுத்த அனுமதி யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

துஷாந்தி ஒரு நிமிடம் நாற்பத்திரண்டு வினாடியில் முடித்தாள். ஜனகன் அதைவிட அரை வினாடி முந்திவிட்டான். மூன்றாவது வளைவில் அவள் பிரேக்கை அடிக்கச் சுணங்கியிருந்தாள்.

"அந்த எடத்துல என்னங்க ஆச்சி?" என்று ஜனகன் கேட்டான்.

"மலையப் பாத்துட்டேன்," என்றாள். நாற்காலியிலிருந்த கேடயத்தை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

அப்போதுதான் பணிப்பாளர் வாசலில் நிற்பதை எல்லோரும் கண்டார்கள். அவர் நெடுநேரமாக நின்றிருக்க வேண்டும். யாரையும் பார்க்காமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கே பிடிக்க வேண்டும்?" என்று கேட்டார். இருபது கிலோமீட்டர் வேகத்தில், ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்து, இடது ஓரமாக ஓட்டினார். மற்ற கார்கள் எல்லாம் அவரைக் கடந்து போய், ஒரு சுற்று முடித்து, மறுபடியும் கடந்து போயின. பணிப்பாளர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

"அங்க பாருங்கடா, ஓடைகூட ஓடுது," என்றார். அவர் வீட்டில் எப்படிப் பேசுவார் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது.

நான்கு மணிக்கு எழும்பி, நாற்காலியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்படி ஒன்று நடந்ததாக எந்தக் கோப்பிலும் எழுத வேண்டாம்."

மூன்று வாரம் கழித்துத் துஷாந்திக்கு லயத்து முகவரிக்கே பதிவுத் தபால் வந்தது. தேசியப் போட்டிக்கு அவளை அனுப்ப வாகன வசதி இல்லாததால், அவளது கோப்பு கொழும்புக்கு அனுப்பப்பட்டதாகவும், அது அங்கே மூன்றாம் இடம் பெற்றிருப்பதாகவும் பணிப்பாளர் மகிழ்ச்சியோடு அறிவித்திருந்தார். முதலிடம் பெற்ற கோப்பு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இம்முறை கிடைத்த அனுபவத்தைக் கொண்டு, வரும் வருடம் முதல் போட்டியாளர்கள் கணினி கொண்டுவரத் தேவையில்லை என்றும் சபை தீர்மானித்திருந்தது.

கடிதத்தை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அது ஞாயிற்றுக்கிழமை. ஜனகனின் ஊரில், பூட்டிக்கிடந்த நெல் களஞ்சியம் ஒன்றின் சுவருக்கு வெள்ளையடித்து, கல்யாண மண்டபத்துப் புரொஜெக்டர் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். அன்று சபை வாசலில் நின்ற பதினெட்டுப் பேரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பதுளை பஸ் நிலையத்தில் மொனராகலை பஸ் புறப்பட நின்றது. றில்வான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் கொண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

துஷாந்தி கைப்பையைத் திறந்தாள். அடையாள அட்டையின் பிரதி, கடையின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் எல்லாவற்றையும் பழக்கத்தில் கொண்டுவந்திருந்தாள்.

"என்ன பொட்டி இது?"

"கம்பியூட்டருங்க. விளையாடக் கொண்டுபோறேன்."

"பாரமா?"

"ஆமாங்க."

"அப்ப பின் சீட்டுல வைங்க, வளைவுல புடிச்சிக்கங்க," என்று சொல்லிவிட்டு, கொண்டக்டர் விசிலை ஊதினார்.